நிற்கிற அலை

பரிசலுக்கு முன்பக்கம் கிடையாது. பின்பக்கமும் கிடையாது. பென்னாகரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரிந்த சங்கதி. அதற்குள் எவ்வளவு பெரிய வித்தை அடங்கிக் கிடக்கிறது என்பது மட்டும் கடல் தாண்டிப் போன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இலங்கையில், அறுகம்பைக் கரையில், இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒரு காலை நேரம் அது.

நாங்கள் ஐந்து பேர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ் ஸ்டாண்டு, ஒரே டீக்கடை. இப்போது ஓசூர், பெங்களூரு, சேலம் என்று சிதறிக் கிடக்கிறோம். ஒரு ஜூலையில் ஆளுக்கொரு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பில் இறங்கி, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு பஸ் பிடித்தோம். பொத்துவிலை ஒட்டிய வளைகுடாதான் அறுகம்பை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ கிளம்பிய அலைகள் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு வரிசையாக வரும். ஒரு முனையில் மடியத் தொடங்கி, வலப்பக்கமாக நெடுந்தூரம் மடிந்துகொண்டே போகும். அதன் மேல் பலகையில் நின்று சறுக்கத்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பழகுகிறவர்களுக்கென்று பேபி பாயிண்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. ஆட்டோக்காரரிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் வரை நம் மொழி பேசுகிற ஊர். கேட்கும்போதே மனசு நிறைந்தது.

எங்களில் ஒருவன் ஊட்டமலைக்காரன். ஒகேனக்கல்லை ஒட்டிய கிராமம் அது. அவன் அப்பா பரிசல் ஓட்டுகிறவர். இவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பத்து வருஷமாகத் துடுப்பைத் தொட்டதில்லை. முதல் நாள் எங்களைப் போலவே அவனும் விழுந்தான். இரண்டாம் நாள் பலகையைக் கரையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய், நாங்கள் எல்லோரும் ஓடிப் பிடிக்கப் பார்த்த நான்கைந்து அலைகளை விட்டுவிட்டு, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் எழுந்து நின்றான். கரை வரைக்கும் நின்றான். எப்படிடா என்று கேட்டதற்கு, "தண்ணியப் பாத்தன்டா" என்றான்.

நாங்களும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பார்த்தது வேறு. ஊர் திரும்பிய பிறகு, அவன் அப்பா ஓட்டுகிற பரிசலில் உட்கார்ந்து, அந்த வேறு எது என்று தேட ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் விருந்தாளிகளை அழைத்துப் போய்க் காட்டிய ஒரு பொருளை நானே முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கடலில் அலை நகரும், தண்ணீர் நகராது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஆழக்கடலில் மிதக்கிற தேங்காய் மட்டையைக் கவனித்தால் தெரியும். அலை வரும்போது மேலே ஏறும், லேசாக முன்னே போகும், அலை கடந்ததும் இறங்கிப் பின்னே வந்து கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கும். பயணம் போவது தண்ணீரின் அசைவு மட்டும்தான். அலைச்சறுக்குக்காரன் பிடிக்கப் பார்ப்பது அந்த ஓடுகிற அசைவை. ஆற்றில் அப்படியே தலைகீழ். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அலை ஒரே இடத்தில் நிற்கும். அடியில் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறி இறங்குகிற தண்ணீர் அந்தப் பக்கம் மடிந்து எழும்பி ஓர் அலையாக நிற்கிறது. நேற்று வந்தவன் பார்த்த அலையைத்தான் இன்று வந்தவனும் பார்க்கிறான். அதற்குள் இருந்த தண்ணீர் இந்நேரம் மேட்டூர் அணைக்குள் போயிருக்கும். ஜெர்மனியில் மியூனிக் நகரத்துக்குள் ஓடுகிற ஐஸ்பாக் என்ற வாய்க்காலில் இப்படி நிற்கிற அலை ஒன்று பேர்போனது. கடலே இல்லாத அந்த ஊரில் பலகையோடு வரிசையில் நின்று அதில் சறுக்கி வந்திருக்கிறார்கள்.

ஊட்டமலைக்காரன் பிறந்ததிலிருந்து பார்த்தது நிற்கிற அலையை. அதனால் அவன் கண் முதலில் போவது மேலே தெரிகிற அலைக்கு அல்ல, அதைக் கிளப்பிவிடுகிற அடித்தரைக்கு. அறுகம்பையில் அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது, எந்த இடத்தில் தரை மேடாகிறது என்பதைத்தான். கடல் அலை உடைவதும் அடித்தரை மேடாகிற இடத்தில்தானே.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் பதினைந்து பதினாறு கிலோமீட்டர் இருக்கும். காட்டுக்குள் வளைந்து இறங்குகிற சாலை. யானை கடக்கிற இடம் என்று பலகை வைத்திருப்பார்கள், நிஜமாகவே கடக்கும். இந்தக் காடு 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. மலை இறங்கி முடித்ததும் மீன் வறுக்கிற வாசனையும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் குரலும் ஒன்றாக வந்து சேரும். பெரும்பாலானவர்களுக்கு ஒகேனக்கல் என்றால் அருவி, எண்ணெய்க் குளியல், மீன் சாப்பாடு. மூன்றும் நல்ல விஷயங்கள்தான். ஆனால் கொஞ்சம் மேட்டில் ஏறி நின்று பாருங்கள். காவிரி அங்கே ஓர் ஆறாக இல்லை. பாறைக்குள் புகுந்து பத்தாய், இருபதாய்ப் பிரிந்து, நடுநடுவே திட்டுகளை விட்டுவிட்டு ஓடுகிறது. மரம் முளைத்த திட்டு, வெறும் பாறைத் திட்டு, கோடையில் மட்டும் தலைகாட்டுகிற மணல் திட்டு. எங்கள் பள்ளி நாட்களில் கடல் என்பது பாடப்புத்தகத்தில் இருந்தது. தீவுகள் இங்கே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை புத்தகப் பையைக் காலி செய்து, களியும் புளிச்சாறும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு திட்டு திட்டாகப் போவோம். முதுகில் பை, கூடவே கூட்டாளிகள், தீவு விட்டுத் தீவு: பெரியவனாகி அறுகம்பைக்குப் போனபோது நான் செய்தது புதிதாக ஒன்றும் இல்லை.

காவிரிக்குத் தீவு பிடிக்கும். சீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கம் என்று மூன்று இடத்தில் இரண்டாகப் பிரிந்து தீவு போட்டு, மூன்றிலும் அரங்கநாதரைப் படுக்க வைத்திருக்கிறது. ஒகேனக்கல்லின் திட்டுகளுக்குக் கோயிலும் இல்லை, பெரிய பேரும் இல்லை. ஆனால் அந்தப் பாறை இருக்கிறதே, அதன் வயது மலைக்க வைக்கும். கார்பனடைட் என்று ஒரு வகைப் பாறை இங்கே வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வயதைச் சுமார் 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். பூமியிலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று. அருவிச் சாரல் புகைபோல எழும்புவதால் வந்த பெயர் ஒகேனக்கல். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. கல் என்றால் கல்தான். அக்கரை கர்நாடகம். பரிசல் ஓட்டிகள் வாயில் இரண்டு மொழியும் ஒரே மூச்சில் வரும்.

இந்தப் பாறைக்காட்டில் கூர்மூக்குப் படகு எதுவும் ஓடாது. நீளப் படகைக் கொண்டுவந்தால் முதல் வளைவிலேயே குறுக்கே மாட்டிக்கொள்ளும். அடியில் முதுகெலும்பு மாதிரி கட்டை வைத்த படகு பாறையில் தட்டி நிற்கும். ஓடக்கூடியது சில அங்குல ஆழத்தில் மிதக்க வேண்டும், இடித்தால் வளைய வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே உருவமாக இருக்க வேண்டும், தண்ணீர் முடிகிற இடத்தில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடிய வேண்டும். இத்தனைக்கும் ஒரே பதில் வட்டம்.

பரிசல் கட்டுவதை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாளில் கட்டி முடித்துவிடுகிறார்கள். மூங்கிலைப் பிளந்து பிளாச்சு எடுப்பதிலேயே கைத்திறன் தெரிந்துவிடும். கத்தியை வைத்து ஒரு தட்டு, பிறகு கத்தியை முறுக்க முறுக்க மூங்கில் தானே வாயைத் திறந்துகொண்டு கணு கணுவாக 'டப் டப்' என்று பிளக்கும். பச்சைத்தோல் பக்கம் வெளியே, சோற்றுப் பக்கம் உள்ளே. தரையில் பிளாச்சுகளை மூன்று திசையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னுகிறபோது நடுவில் ஆறு மூலைக் கண்கள் விழும். தேன்கூட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நடுவில் கனமான கல்லை ஏற்றி அமுக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒவ்வொன்றாக மேலே வளைப்பார்கள். வளைக்கிறவர் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி மூங்கிலின் மேல் தெளித்துக்கொண்டே இருந்தார். ஒரு பிளாச்சு லேசாக முனகியது. உடனே கையை எடுத்துவிட்டு, அதைத் தடவிக் கொடுத்து, பக்கத்துப் பிளாச்சை வளைக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து அதையே வளைத்தார், வளைந்தது. விளிம்பை மெல்லிய சிம்புகளால் பின்னல் ஜடை மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டால் கூடை தயார். ஏழு அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம், முழங்காலுக்கு மேலே ஆழம்.

கூடை தண்ணீரில் நிற்க வேண்டுமே. முன்னே மாட்டுத்தோல், எருமைத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்குப் பாயைக் கவிழ்த்த கூடையின் மேல் இழுத்துப் போர்த்தி, மேலே தாரைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். தோலைவிட மலிவு, நாற்றம் இல்லை, ஒட்டுப் போடுவதும் சுலபம். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பரிசலின் உயிர் அதன் பின்னலில் இருக்கிறது, போர்வையில் இல்லை. கண்ணாடி இழையில் வார்த்த பரிசல்களும் வந்துவிட்டன. வருஷக்கணக்கில் உழைக்கும் என்கிறார்கள், உழைக்கட்டும். ஆனால் மூங்கில் பரிசலில் வெறுங்காலோடு உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அடியில் ஓடுகிற தண்ணீரின் ஒவ்வோர் அசைவும் உள்ளங்காலில் தெரியும். சின்னச் சுழி கடந்தால் ஒரு நெளிவு, பாறைக்கு மேலே போனால் ஒரு புடைப்பு. உயிருள்ள மாட்டின் முதுகில் கை வைத்தால் தோல் சிலிர்க்குமே, அது மாதிரி. பாறையில் உரசினால் பரிசல் அந்த இடத்தில் உள்ளே குழைந்து, கடந்ததும் திரும்ப வெளியே வந்துவிடும். வார்த்தெடுத்தது இப்படிக் குழையாது. ஓட்டுகிறவரின் காலுக்கு ஆறு சொல்கிற செய்தியில் பாதி அங்கே நின்றுவிடும்.

துடுப்புக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

படகோட்டுவது என்றால் பக்கவாட்டில் துடுப்பைப் போட்டுப் பின்னே தள்ளுவது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பரிசலில் அப்படிச் செய்தால் அது அந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். சுற்றுலாப் பயணிகளைக் கூச்சல் போடவைக்க வேண்டுமென்றே அப்படிச் சுற்றிவிடுவார்கள். பார்க்க ஆர்ப்பாட்டமாக இருக்கும். இருப்பதிலேயே சுலபமான வேலை அதுதான். நேராகப் போகவைப்பதுதான் கஷ்டம். பரிசல்காரர் போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்போரம் குந்தி உட்காருவார். துடுப்பை எட்டி முன்னால் ஊன்றித் தன்னை நோக்கி இழுப்பார். நேராக இழுக்கமாட்டார். இழுக்கும்போதே துடுப்பின் அலகு இடமும் வலமுமாக லேசாக நெளியும், தண்ணீருக்குள் எட்டு எழுதுகிற மாதிரி. இடப்பக்கம் திரும்பப் பார்க்கிற பரிசலை அதே இழுப்பின் பின்பாதி வலப்பக்கம் திருப்பிக்கொண்டுவந்துவிடும். இரண்டு தவறான திருப்பங்களை ஒன்றுக்கு ஒன்று ஈடாக வைத்து அதற்கு நடுவே நேரான வழியைப் பிறப்பிக்கிறார். மணிக்கட்டுதான் எல்லாம். தோள் அசையவே அசையாது.

ஊட்டமலைக்காரனின் அப்பாவை நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டிவிட்டது. மாமரத்துக்கடவுத் துறையில் ஏறினோம். உயிர்காப்பு உடையை மாட்டிவிட்டு எங்களை அவரே உட்கார வைத்தார். "நீ இங்க வா கண்ணு, நீ அவனுக்கு எதிரப் போ." கனத்த ஆளுக்கு எதிரே இரண்டு ஒல்லிப் பையன்கள். கைப்பையைக்கூட எந்த இடத்தில் வைப்பது என்று சொன்னார். வட்டத்துக்கு எடை ஒழுங்காக இருந்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். பிறகு ஒரு காலால் கரையை உதைத்தார். அவ்வளவுதான், சத்தமே இல்லாமல் கிளம்பிவிட்டது.

மேல் ஆற்றில் தண்ணீர் பார்க்க அமைதியாக இருக்கும். அங்கேதான் அவர் அதிகம் கவனமாக இருந்தார். முன்னால் ஓரிடத்தில் தண்ணீரின் மேல்தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் புடைத்திருந்தது. எனக்கு அது ஆழமான நல்ல வழியாகத் தெரிந்தது. அவர் விலகிப் போனார். தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். கை நீளத்துக்குள் கரும்பாறை. கொஞ்சம் தள்ளிச் சலசலவென்று குதித்துக்கொண்டிருந்த இடத்துக்குள் நேராக விட்டார். இரண்டு பக்கமும் நுரை, நடுவில் நாக்கு மாதிரி நீண்டு கீழ்நோக்கிக் கூம்புகிற கறுத்த தண்ணீர். அந்த நாக்குதான் வழி. கூர்முனை கீழே பார்த்தால் வழி, மேலே பார்த்தால் அந்த முனையில் பாறை நிற்கிறது. நுரை கோடு கட்டி ஓடுகிற இடத்தில் ஆற்றின் பிரதான ஓட்டம் இருக்கிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் சுற்றி வருகிற இடம் பரிசலுக்குத் திண்ணை மாதிரி: மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அடுத்த இறக்கத்தை நின்று பார்க்கலாம். இவற்றை நான் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அதைச் சொல்வதே சிரமமாக இருந்தது. கையால் காட்டினார். பேசத் தெரியாதவர் இல்லை. அந்த அறிவு அவருக்குச் சொல்லாக இல்லை, கையாக இருக்கிறது.

அருவிக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிவிட்டார். ஏழடிப் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாங்கள் வெறுங்கையோடு தடுமாறி இறங்குகிற வழியில் அவர் இறங்கினார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை பின்னங்காலில் எழுந்து நடப்பது போலத் தெரியும். கீழே பாறைச்சுவர்களுக்கு நடுவே திரும்பவும் தண்ணீர். மேலே அவ்வளவு இரைச்சல், இங்கே ஒரு மௌனம். சுவரிலிருந்து வழிகிற சின்ன அருவிகள் பரிசலுக்குள்ளேயே தூறல் போடும். முறுக்கும் குளிர்பானமும் அடுக்கிய கடைப் பரிசல் ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்து வாங்குகிற அந்த ஒரு நிமிஷம் இரண்டு வட்டங்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு மெல்லச் சுழன்றுகொண்டே இறங்கின. இரண்டு ஓட்டிகளும் துடுப்பை அசைக்கவில்லை. சுழல்வதால் எந்தக் கெடுதலும் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முன்பக்கம்தானே.

அலைச்சறுக்குப் பலகைக்கு மூக்கு உண்டு, வால் உண்டு, வாலடியில் துடுப்புச்சிறகு உண்டு. எப்போதும் மூக்கைச் சரியான பக்கம் பிடித்தாக வேண்டும். தவறினால் அலை புரட்டிவிடும். அந்த விளையாட்டின் அழகும் அந்தக் கட்டாயத்திலிருந்துதான் வருகிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அதில் நாடறிந்த வீரர்களாகி இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. கட்டுமரத்தில் அப்பன் கற்ற கடலைப் பிள்ளை பலகையில் கற்கிறான். எனக்கு அதில் உள்ள பெருமை சொல்லி மாளாது. பரிசலின் வித்தை அதற்குப் பக்கத்தில் வேறு ஜாதி. மூக்கே இல்லாத ஒன்றைத் தான் நினைத்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆற்றோடு சண்டை போட அதற்கு முனை இல்லை. ஆறு எங்கே போகப் போகிறது என்பதை ஆற்றுக்கு முன்பே தெரிந்துகொண்டு, அந்த வழியில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. நேராக இழுத்து வெல்லலாம் என்று நினைக்கிறவன் சுற்றிக்கொண்டேதான் இருப்பான்.

பரிசலை உலகம் பல இடத்தில் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. யூப்ரடீஸ் ஆற்றில் தோல் போர்த்திய வட்டப் படகுகள் பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுவருவதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதை ஏறி வருமாம். சரக்கை விற்றதும் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதை மேல் ஏற்றித் தரைவழியே ஊர் திரும்புவார்களாம். ஓட்டத்துக்கு எதிரே ஏற முடியாது என்பதற்கு அவர்கள் கண்ட வழி அது. எங்கள் வழி தலைச்சுமை. வேல்ஸ் நாட்டில் தைவி ஆற்று மீனவர்கள் தங்கள் சின்னப் பரிசலை வாரில் கோத்து முதுகில் மாட்டிக்கொள்வார்கள். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ், ஆனெகுந்திப் பக்கம் ஆற்றைக் கடக்கும் கூடைப் படகுகளைப் பார்த்து, உள்ளே பிரம்பு, வெளியே தோல், எப்போதும் சுழன்றுகொண்டே போகின்றன என்று குறித்துவைத்தார். அவருக்கு அந்தச் சுழற்சி விநோதமாகத் தெரிந்திருக்கிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் மட்டும் இதை வேறு கண்ணால் பார்த்தார். தென்னிந்தியப் பரிசலிலிருந்து பாக்தாதின் குஃபா, பிரிட்டனின் பரிசல் வரைக்கும் பின்னல் பின்னலாக ஒப்பிட்டு எழுதிவைத்தவர் அவர். ஆற்றோரத்துக் கூடை ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை செய்த அந்த மனிதரை நினைத்து நான் நன்றியோடு இருக்கிறேன்.

பரிசல்காரர்களுக்குக் காலையில் முதல் வேலை பிலிகுண்டுலு நீரளவைக் கேட்பது. ஆற்றின் மேல்பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கிற அந்த ஊரில்தான் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய தண்ணீரை அளப்பது அந்த இடத்தில்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. கணக்கும் அங்கேதான் பார்க்கப்படும். இரண்டு மாநிலத்துக்கு அது வழக்கு; துறையில் இருப்பவர்களுக்கு அது இன்றைக்கு அடுப்பு எரியுமா என்பது. வினாடிக்குச் சில ஆயிரம் கன அடி என்றால் பரிசல் ஓடும். ஏறிவிட்டால் தடை. அந்த 2018 ஆகஸ்டில் லட்சக்கணக்கில் வந்தபோது அருவி என்று ஒன்று இருந்த அடையாளமே தெரியவில்லை. பாறை, திட்டு, நடைபாதை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஒரே ஓட்டம். வாரக்கணக்கில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. மாமா அந்த நாட்களில் தினமும் துறைக்குப் போய் வெறுமனே நின்று பார்த்துவிட்டு வந்தாராம். தொழில் இல்லாத நாளில் அங்கே என்ன மாமா வேலை என்று கேட்டேன். "வெள்ளம் வடிஞ்சா மணல் எங்க மாறிக் கெடக்கும்னு தெரியணுமில்ல சாமி" என்றார். பாறை நகராது, மணல் நகரும். ஒவ்வொரு வெள்ளமும் ஆற்றைத் திருத்தி எழுதுகிறது. அவரும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் படிக்கிறார். இந்த வித்தையை ஒருமுறை கற்றுக்கொண்டு நிறுத்திவிட முடியாது.

அன்றைய சவாரியின் நடுவில் ஒரு மணல் மேட்டில் இறங்கினோம். கரையில் வாங்கிய கட்லாவை, மசாலா தடவிச் சமைத்துத் தருகிற அக்கா ஒருவர் வறுத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். ராகி உருண்டையோடு அதைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தோம். அறுகம்பையில் சாயங்காலம் மீன் தின்றதைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே கடலைப் பார்த்து உட்கார்ந்தபோது இந்த ஆற்றைப் பற்றித்தான் பேசினோம் என்பது ஞாபகம் வந்தது. ஊட்டமலைக்காரன் எழுந்து போய்த் துடுப்பை எடுத்தான். அப்பாவைப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

தேங்கிய தண்ணீரில்தான் தள்ளினான். பரிசல் இரண்டு சுற்று சுற்றியது. கரையிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய் மாப்ள, நேரா ஓட்டுடா!" அவன் துடுப்பை வெளியே எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். சுற்று தானே அடங்கியது. பிறகு எட்டி ஊன்றி இழுத்தான். தோள்தான் அசைந்தது. மூன்றாவது இழுப்பிலோ நான்காவதிலோ தோள் நின்று மணிக்கட்டு வந்தது. பரிசல் நேராகப் போனது. முப்பது அடி இருக்கும், எதிர்ப்பாறை வரைக்கும். அங்கே திரும்ப வேண்டிய அவசியமில்லையே. எழுந்து, விளிம்பின் எதிர்ப்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தான். இப்போது அது முன்பக்கம். எங்களை நோக்கி வந்தான்.

பொழுது சாயப் பரிசலை மேலே கொண்டுவந்து கவிழ்த்தார்கள். மாமா உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. கட்டைவிரலை அங்கேயே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்து, "தாரு கொண்டா" என்றார். அவன் டப்பாவைத் தேடி எடுத்து வரும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.